அந்தத் தீவில் அக்கா இல்லை

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் யாரிடமாவது 'பவளத் தீவு' நாவலின் தேங்காய்க் காட்சியைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார். ஸ்காட்லாந்துக்காரரான ஆர். எம். பாலன்டைன் 1857இல் வெளியிட்ட நாவல் அது. கப்பல் உடைந்து தென்கடல் தீவு ஒன்றில் ஒதுங்கும் மூன்று பையன்கள், மரத்துத் தேங்காயை எடுத்து, கத்தியால் நேராக ஓட்டில் துளை போட்டுக் குடிக்கிறார்கள். மட்டை உரிக்கிற வேலையே கிடையாது. பாலன்டைன் தேங்காயைப் பார்த்ததெல்லாம் பிரிட்டனின் கடைகளில்தான். அங்கே அது உரித்தபடிதான் வரும். மரத்திலும் அப்படியே காய்க்கிறது என்று நினைத்துவிட்டார். பிழை தெரிந்த பிறகு, நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தார்.

அவருடைய பையன்களும் அந்தத் தேங்காயைப் போலத்தான். மட்டையும் நாரும் இல்லாமல் கடைக்கு வந்த சரக்கு. தீவில் அவர்களுக்குள் பொறாமை இல்லை, பசிச் சண்டை இல்லை, இரவில் அழுகை இல்லை. தீமை என்றால் அது வெளியிலிருந்து கடற்கொள்ளையராகவோ நரமாமிசம் தின்னும் தீவுவாசிகளாகவோ படகேறி வரும். ஆங்கிலேயப் பையன்கள் எங்கே விழுந்தாலும் ஆங்கிலேயர்களாகவே எழுந்து நிற்பார்கள் என்பது விக்டோரியா காலத்துப் பேரரசின் நம்பிக்கை. ஆசிரியர்களும் பாதிரியார்களும் அதைப் பரிசுப் புத்தகமாக்கிப் பல தலைமுறைப் பையன்களின் கையில் கொடுத்தார்கள்.

இந்த நம்பிக்கைக்கு மறுப்பாக வந்ததுதான் வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்'. 1954இல் வெளியானது. கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் பலருக்கு இது தேர்வுக்குப் படித்த புத்தகமாகத்தான் நினைவிருக்கும். கேள்வித்தாளில் எப்போதும் ஒரே கேள்வி, விடையும் ஒரே விடை: நாகரிகம் என்பது மேல்பூச்சு, பெரியவர்களும் போலீஸும் இல்லாத இடத்தில் அது உதிர்ந்து உள்ளேயிருக்கும் மிருகம் வெளியே வரும். கோல்டிங்கே ஏறத்தாழ இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் நாவலை வரிவரியாகப் படித்தால் அது சொல்வது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே உதிர்வது பூச்சு அல்ல. சில வேலைகள் நடக்காமல் போகின்றன. தலை எண்ணுவது, தீயைக் காப்பது, சோற்றைப் பங்கிடுவது, ஆட்டத்தை நிறுத்துவது. இந்த நான்கையும் யார் செய்வது என்று தெரியாத கூட்டம் அது.

முதலில் எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். கோல்டிங் 1911இல் கார்ன்வாலில் பிறந்தவர். சாலிஸ்பரியில் ஆண்பிள்ளைகள் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, 1944 நார்மண்டித் தரையிறக்கத்தின்போது ராக்கெட் ஏவும் படகு ஒன்றுக்குத் தலைமை வகித்தார். போர் முடிந்து மறுபடியும் வகுப்பறைக்கு வந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த பையன்களை முன்பு பார்த்தது போல் அவரால் பார்க்க முடியவில்லை. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கைப்பிரதியை ஃபேபர் நிறுவனத்தின் இளம் பதிப்பாசிரியர் சார்லஸ் மான்டீத் மீட்டெடுத்தார். 1983இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலன்டைனின் கதைப் பையன்கள் ரால்ஃப், ஜாக், பீட்டர்கின். கோல்டிங் முதலிரண்டு பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டார். கதையின் முடிவில் வரும் கடற்படை அதிகாரியின் வாயில் 'பவளத் தீவு' என்ற பெயரையும் வைத்தார். வம்புக்கு இழுக்கிறோம் என்பதை அவர் மறைக்கவே இல்லை.

கதை தெரியாதவர்களுக்கு: அணுகுண்டுப் போர் நடக்கும் காலம். பிரிட்டனிலிருந்து சிறுவர்களை வெளியேற்றும் விமானம் வெப்பமண்டலத் தீவு ஒன்றில் விழுகிறது. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பையன்கள் மட்டும் பிழைக்கிறார்கள். ரால்ஃப் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். கையில் சங்கு வைத்திருப்பவனுக்கே பேச உரிமை என்று விதி. கப்பலுக்கு அடையாளம் காட்ட மலையுச்சியில் தீ எரிய வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனான ஜாக் பன்றி வேட்டைக்குப் போகிறான். மெல்ல அதிகாரத்தையும் வேட்டையாடிவிடுகிறான். கடைசியில் ரால்ஃபையே விரட்டிக் கொல்லத் தீவைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையைப் பார்த்துத்தான் கப்பல் வருகிறது.

இப்போது தலை எண்ணும் வேலைக்கு வருகிறேன். குண்டான, ஆஸ்துமா உள்ள, கண்ணாடி போட்ட பையன் ஒருவன் இருக்கிறான். அவனை எல்லோரும் பிக்கி என்கிறார்கள். அவனுடைய உண்மையான பெயரை நாவல் முழுக்க ஒருவரும் கேட்பதில்லை. சின்னப் பையன்களின் பெயர்களை எழுதி வைக்கும் வேலை முதல் நாளே இவன் தலையில் விழுகிறது. அதற்குள் பெரிய பையன்கள் தீ மூட்ட ஓடுகிறார்கள். சின்னவர்கள் பின்னாலேயே சிதறுகிறார்கள். அடங்காமல் பரவிய தீ காட்டின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. முகத்தில் செம்மச்சம் இருந்த சிறுவன் ஒருவன் அதன் பிறகு எங்கும் இல்லை. பட்டியல் எங்கே என்று கேட்கிறார்கள். நான் ஒருத்தனாக எப்படி எடுப்பேன் என்று பிக்கி கத்துகிறான். அந்த இடத்தில் எல்லோரும் தீயைப் பார்க்கிறார்கள், கீழே பார்க்கிறார்கள், பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு பட்டியல் என்ற பேச்சே இல்லை.

கடைசி அத்தியாயத்தில் கரைக்கு வந்த அதிகாரி, நீங்கள் எத்தனை பேர் என்று ரால்ஃபிடம் கேட்கிறார். ரால்ஃப் தலையை ஆட்டுகிறான்; தெரியாது. யாராவது செத்தார்களா என்ற கேள்விக்கு, இரண்டே பேர் என்கிறான். இரண்டு அல்ல, மூன்று. மற்ற பையன்களின் கையாலேயே கொல்லப்பட்ட சைமன் என்ற பையனும் பிக்கியும் கணக்கில் வருகிறார்கள். முதல் நாள் தீயில் போன செம்மச்சக்காரப் பையன் நல்லவனான ரால்ஃபின் கணக்கிலும் இல்லை. இந்த நாவலில் எனக்கு மிகவும் பயங்கரமாகத் தெரியும் இடம் இதுதான், ஈட்டி முனையில் குத்தி வைத்த பன்றித் தலை அல்ல.

கொங்குச் சீமையின் மேட்டுக்காடுகளில் ஆடு மேய்த்த எந்தச் சிறுவனும் பொழுது சாயும்போது ஆடுகளை எண்ணாமல் பட்டியில் அடைத்ததில்லை. எண்ணிக்கை தப்பினால் முதுகுத் தோல் உரிந்துவிடும் என்பது காரணங்களில் ஒன்று. ஆனால் அது மட்டும் காரணமில்லை. காலையில் படலைத் திறந்துவிட்டதிலிருந்து மாலையில் அடைப்பது வரை அவனுக்கென்று ஒரு வேலை இருந்தது. அதில் அவன் கெட்டிக்காரன் என்பது அவனுக்குத் தெரியும். கோல்டிங்கின் பையன்களுக்குப் பாடத் தெரியும், வரிசையில் நடக்கத் தெரியும், கை தூக்கி வாக்களிக்கத் தெரியும். குடிசை போட வாருங்கள் என்றால் முதல் குடிசைக்கு எல்லோரும் வருகிறார்கள், இரண்டாவதற்குக் கொஞ்சம் பேர், மூன்றாவதற்கு ரால்ஃபும் சைமனும் மட்டும். விடுதிப் பள்ளியில் யாரோ கூரை போட்டு, யாரோ சமைத்து, யாரோ மணியடித்து வளர்ந்த பிள்ளைகள். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தில் மதிப்பெண்ணுக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் விடுதிகளைப் பார்த்த எவருக்கும் இது புரியும். அங்கே பிள்ளைகளிடம் ஒழுங்கு நிறைய இருக்கும். பொறுப்பு என்று கொடுக்கப்பட்டது எதுவும் இருக்காது.

பிக்கி செய்ய முயல்வது எல்லாம் நம் ஊரில் அக்கா செய்யும் வேலைகள். சின்னவர்களை எண்ணுகிறான். யார் எங்கே போனது என்று கவலைப்படுகிறான். முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்யுங்கள் என்று நச்சரிக்கிறான். தன் அத்தை என்ன சொல்லியிருப்பாள் என்று அடிக்கடி நினைவுபடுத்துகிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். அக்காவின் வேலை அவன் தோளில், அக்காவின் அதிகாரம் அவனிடம் இல்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்க, முதுகில் ஒன்று போட, அவன் சொன்னால் கேட்டாக வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. அந்தத் தீவில் யாரும் யாரையும் அண்ணா என்று கூப்பிடுவதில்லை. பெரியவர், சின்னவர் என்ற அளவுப் பிரிவு மட்டுமே உண்டு. உறவு என்று இருப்பது சாம், எரிக் என்ற இரட்டையர் மட்டும். ரால்ஃப் பக்கம் கடைசி வரை நிற்பவர்களும் அவர்களே. அடித்துத்தான் அவர்களை ஜாக் தன் கூட்டத்தில் சேர்க்கிறான்.

உறவுமுறை இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வாய்க்கால் வரப்புக்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கும் பங்காளிகளைப் பார்த்த மண் இது. அக்கா என்ற பதவியும் இலவசமாக வருவதில்லை. அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போனால், பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்தான் தம்பிக்குச் சோறு போட்டுத் தன் வீட்டுப்பாடத்தை விட்டுவிடுகிறாள். அந்த உழைப்பை யாரும் இலக்கியத்தில் வீரம் என்று எழுதுவதில்லை. ஆனால் ஒரு கூட்டம் கூட்டமாக இருப்பதற்கு அந்த உழைப்பு வேண்டும். தன் கதையில் ஏன் பெண்பிள்ளைகள் இல்லை என்று கேட்டவர்களுக்கு, தான் ஒருகாலத்தில் சிறுவனாக இருந்தவன், சிறுமியாக இருந்ததில்லை என்று கோல்டிங் பதில் சொன்னார். நேர்மையான பதில்தான். ஆனால் அப்படியானால் கதை மனித இயல்பைப் பற்றியது என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவின் அமேசான் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்தது. பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள், தாய் உட்பட. பிழைத்தவர்கள் நான்கு பிள்ளைகள்: 13 வயது அக்கா, 9 வயதுத் தங்கை, நான்கு வயதுத் தம்பி, 11 மாதக் கைக்குழந்தை. ஹுய்டோடோ பழங்குடிப் பிள்ளைகள். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவை, அதாவது ராசிபுரம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்கிற அதே கிழங்கின் மாவை, எடுத்துக்கொண்டார்கள். அது தீர்ந்த பிறகு விதைகளும் பழங்களும். எதைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்பது மூத்தவளுக்குப் பாட்டியிடமிருந்து வந்த பாடம். 40 நாள் கழித்து, ஜூன் 9ஆம் தேதி, நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். கைக்குழந்தைக்குக் காட்டுக்குள்ளேயே ஒரு வயது முடிந்திருந்தது. விமானம், காடு, பெரியவர்கள் இல்லாமை என எல்லாம் கோல்டிங்கின் ஏற்பாடுதான். கூடுதலாக இருந்தது ஓர் அக்காவும் அவளுக்குத் தெரிந்த காடும்.

சோற்றுப் பங்கு. இதை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கோல்டிங் இதில் எதையும் மறைக்கவில்லை. முதல் பன்றி வெந்ததும் ஜாக் எல்லோருக்கும் இறைச்சி கொடுக்கிறான், பிக்கிக்கு மட்டும் கொடுக்கவில்லை. சைமன் தன் பங்கை நீட்டுகிறான். ஜாக் ஆத்திரத்தில் இன்னொரு துண்டை வெட்டி, தின்னு என்று சைமன் காலடியில் வீசுகிறான். அந்த வீச்சில்தான் தலைமை கைமாறுகிறது. வாக்கெடுப்பில் அவன் தோற்றபடியேதான் இருக்கிறான். பந்தியில் யார் பரிமாறுகிறார்கள், யாருக்கு இலை கடைசியில் விழுகிறது என்பதை வைத்தே ஊரின் அதிகாரத்தைக் கணித்துவிடுகிற நமக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

அடுத்து ரோஜர். ஜாக்கின் வலது கையாக வளரும் முரட்டுப் பையன். ஒருநாள் கடற்கரையில் தனியாக விளையாடும் ஹென்றி என்ற சின்னப் பையனைப் பார்த்து மரத்தின் மறைவில் நின்று கல்லெறிகிறான். ஒவ்வொரு கல்லும் தவறி விழுகிறது. வேண்டுமென்றே தவறவிடுகிறான். ஹென்றியைச் சுற்றி ஆறு கஜ அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது, அதற்குள் எறியக் கை வரவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட வட்டம் அது என்கிறார் கோல்டிங். நாவலின் மிகச் சிறந்த பக்கம் இதுதான் என்பேன். பிற்பாடு இதே ரோஜர்தான் பாறையை நெம்பி உருட்டிப் பிக்கியைக் கொல்கிறான். சங்கும் அதோடு நொறுங்குகிறது. மேல்பூச்சு உதிர்ந்தது என்பவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் கவனியுங்கள்: எறிய வேண்டும் என்ற ஆசை ரோஜருக்குத் தீவில் பிறந்தது அல்ல. கையோடு கொண்டுவந்தது. தடுத்த கையும் கொண்டுவந்ததுதான். ஜாக்கின் குழு முதல் நாளே கறுப்பு அங்கி போட்டு இரண்டு வரிசையாக வெயிலில் நடந்து வருகிறது. மயங்கி விழுகிற சைமனைப் பார்த்து, அவன் எப்போதும் இப்படித்தான் விழுவான் என்று ஜாக் அலட்சியமாகச் சொல்கிறான். இது நாகரிகத்தின் நடுமத்தியில் பழகிய கொடுமை. அதற்குத் தீவு இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி ஆட்டத்தை நிறுத்தும் வேலை. நாவலின் உச்சம் சைமனின் சாவு. புயல் மழையில், இடி மின்னலில், பன்றியைக் குத்து என்ற பாட்டோடு பையன்கள் வட்டமாக ஆடுகிறார்கள். காட்டிலிருந்து தவழ்ந்து வருகிறான் சைமன். மலைமேல் பேய் இருப்பதாக எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள்; அது பேய் அல்ல, பாராசூட்டில் தொங்கிச் செத்த மனிதன் என்ற செய்தியைச் சொல்ல வந்தவன். அவனையே பேய் என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ரால்ஃபும் பிக்கியும்கூட அந்த வட்டத்தின் ஓரத்தில் இருந்தார்கள். ஆங்கில விமர்சகர்கள் இதைக் காட்டுமிராண்டிச் சடங்கு என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது வழக்கம். கொங்கு நாட்டுக்காரர் அவ்வளவு எளிதில் கடக்க முடியாது. வெறியும் உடுக்கையும் கலந்த ஆட்டம் நம் கோயில் வாசலில் இருக்கிறது.

அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர், சங்கர் என்ற இரு சகோதரர்களின் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவது இந்தச் சீமையின் வழக்கம். அதில் கொம்பன் என்ற பெரும் காட்டுப்பன்றி வேட்டை வருகிறது. சண்டை வருகிறது, அண்ணன்மார் களத்தில் மாள்கிறார்கள். படுகளம் நிகழ்த்தும்போது, பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் ஆட்கள் அருள் வந்து பிணம்போல் விழுகிறார்கள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் விழுகிறவர்கள் விழும் இடம் தெரியும். அவர்களைச் சுற்றிக் காவல் நிற்பவர்கள் உண்டு. பாடுகிறவர் எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று அறிந்தவர். தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள், சாமி மலையேறுகிறது, எழுந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். கோல்டிங்கின் பையன்களுக்கு ஏற்றத் தெரிந்திருக்கிறது. பாட்டு கிடைத்துவிட்டது, வட்டம் கிடைத்துவிட்டது, முகத்துக்குச் சாயம் கிடைத்துவிட்டது. இறக்குவதற்கு யாரும் இல்லை. சடங்கு இல்லாத இடத்தில்தான் அந்தக் கொலை நடக்கிறது. காட்டுமிராண்டிகளின் சடங்கு என்று அதைச் சொன்னவர்கள், சடங்கு என்றால் என்னவென்று பார்த்திராதவர்கள்.

அந்தக் கதையிலும் ஒரு தங்கை உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தங்காள். மாண்ட அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குப் போகிறவள். களம் முடிந்த பிறகு யார் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் வேலை அவளுடையது.

தீவுக் கதைகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, யார் ஆள் என்று சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள் என்பது. ஜூல்ஸ் வெர்னின் 'இரண்டு ஆண்டு விடுமுறை' 1888இல் வந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து பாய்மரக் கப்பலோடு அடித்துச் செல்லப்பட்ட 15 பையன்களின் கதை. அவர்கள் தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். நாகரிகம் ஒரு துளியும் சிந்தவில்லை. அவர்களில் மோகோ என்ற கறுப்பினப் பையன் கப்பல் வேலைக்காரன். சமைப்பதும் படகு செலுத்துவதும் அவன்தான். அவனுக்கு வாக்கு இல்லை. வெர்ன் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிக்கியின் பேச்சு வழக்கும் அவனைக் கீழ்த்தட்டுக் குடும்பத்துப் பையன் என்று காட்டிக்கொடுக்கிறது. அவன் வாயைத் திறந்ததுமே மற்றவர்கள் அவனை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நாகரிகத்தை இழந்ததால் அல்ல, அதை மறக்காமல் வைத்திருந்ததால்.

பெரியவர்கள் இல்லாத பொழுதுகளில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதற்குக் கொங்கு நாட்டிலிருந்தே ஒரு நாவல் உண்டு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', 2000இல் வெளியானது. கவுண்டர் வீடுகளில் பண்ணயத்துக்கு, அதாவது பண்ணை வேலைக்கு, விடப்பட்ட தலித் சிறுவர் சிறுமியர் நாள் முழுக்க மேட்டுக்காட்டில் ஆடு மேய்க்கிறார்கள். பகல் முழுக்க அது அவர்களுடைய தீவு. தூக்குப்போசியில் இருப்பதைப் பங்கிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். தேவதைகள் அல்ல, திருடவும் செய்கிறார்கள். ஆனால் அச்சம் என்பது அந்தக் காட்டுக்குள் வருவது பண்ணயக்காரரின் குரலோடுதான். கோல்டிங்கின் தீவில் பெரியவர்கள் வந்தால் கொலை நிற்கிறது. இங்கே பெரியவர்கள் வரும்போதுதான் அடி விழுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வைக்கும் பாடத்திட்டம் ஏதாவது ஒரு கல்லூரியில் இருந்தால், தேர்வில் அந்தப் பழைய ஒரே விடையை எழுதுவது கடினமாகிவிடும்.

கதை எழுதியவர் மட்டும் அல்ல, ஆய்வாளர்களும் பையன்களை மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாவல் வந்த அதே 1954இல், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தார். பரிசுப் போட்டி வைத்ததும் ஒரு அணி மற்ற அணியின் கொடியை எரித்தது, குடிலுக்குள் புகுந்து சூறையாடியது. பிறகு தண்ணீர்த் தொட்டி பழுது, லாரி கிளம்பவில்லை என்று இரண்டு அணியும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களை உண்டாக்கியதும் சமாதானமானார்கள். பாடநூல்களில் இதுதான் இருக்கும். இதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதையே செய்யப் பார்த்துத் தோற்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த முகாமில் பையன்கள் பிரிப்பதற்கு முன்பே நண்பர்களாகிவிட்டார்கள். முகாம் ஊழியர்கள் என்ன சூழ்ச்சி செய்தும் பகைக்கவில்லை. தங்களைச் சண்டைக்கு மூட்டிவிடுகிறார்கள் என்ற சந்தேகம்கூட அவர்களுக்கு வந்துவிட்டது. ஆய்வைக் கைவிட்டுவிட்டார்கள். பழகிய பிள்ளைகளைப் பிரிப்பது கடினம், பழகாதவர்களை மோதவிடுவது எளிது. சந்தையில் இரண்டு பட்டி ஆடுகளை ஒன்றாக விட்டுப் பார்த்தவர் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே சொல்லியிருப்பார்.

கதைக்கு நேர் எதிரான உண்மைச் சம்பவம் என்று கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி சொல்லப்படுவது டோங்கா பையன்களின் கதை. 1965இல் தென்கடலின் டோங்கா நாட்டில் ஒரு விடுதிப் பள்ளியைச் சேர்ந்த ஆறு பதின்வயதுப் பையன்கள் பள்ளி அலுத்துப்போய் மீன்படகு ஒன்றைத் திருடிக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாயும் சுக்கானும் போய், எட்டு நாள் அலைந்து, அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். இருவர் இருவராகப் பிரிந்து சமையல், தோட்டம், காவல் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மூட்டிய தீயை ஓராண்டுக்கு மேல் அணையவிடவில்லை. சண்டை வந்தால் இருவரும் தீவின் இரு முனைக்குப் போய் ஆறி வர வேண்டும். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். குச்சியும் இலையும் வைத்துக் கட்டி, அவனுடைய வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எலும்பு நன்றாகவே கூடியது. தேங்காய்ச் சிரட்டையும் கம்பியும் வைத்து ஒரு கிட்டாரும் செய்திருந்தார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கடலோடி அவர்களைக் கண்டெடுத்தார்.

டச்சு எழுத்தாளர் ருட்கர் பிரெக்மன் இந்தக் கதையை விரிவாக எழுதிய புத்தகம் 2020இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, கோல்டிங் தோற்றார் என்று பலர் கைதட்டினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆறு நண்பர்களை வைத்து மனித குலம் முழுவதற்கும் நற்சான்று எழுதிவிட முடியாது. கோல்டிங்கின் கூட்டம் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத கூட்டம், அதில் ஆறு வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். ஆனால் அந்த டோங்கா முறைப் பட்டியலைப் பாருங்கள். தீ, சோறு, காவல், சண்டையை ஆற்றும் வழி. கோல்டிங்கின் தீவில் ஆளில்லாமல் கிடந்த அதே வேலைகள். மீன் பிடிக்க, கிழங்கு நட, தீ மூட்டத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்.

மீட்கப்பட்டு ஊர் திரும்பியதும் அவர்கள் கைது செய்யப்பட்டார்கள். படகுக்காரர் 15 மாதமாகியும் தன் படகை மறக்கவில்லை. வார்னர் பணம் கட்டி வெளியே எடுத்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்களில் சிலரே அந்தத் தீவு ஏன் ஆளில்லாமல் இருந்தது என்பதையும் சொல்கிறார்கள். அட்டாவில் ஒருகாலத்தில் ஊர் இருந்தது. 1863இல் தாமஸ் மெக்ராத் என்ற கப்பல் தலைவன், வியாபாரம் செய்யலாம் வாருங்கள் என்று ஊராரைக் கப்பலுக்கு அழைத்து, 140க்கும் மேற்பட்டவர்களை அடைத்துக்கொண்டு போனான். பெருவுக்கு அடிமைகளைக் கொண்டுபோகும் வியாபாரம் அப்போது நடந்துகொண்டிருந்தது. மிஞ்சியவர்களை டோங்காவின் அரசர் பாதுகாப்புக்காக வேறு தீவுக்குக் குடிமாற்றினார். ஊர் காடாகிவிட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து ஆறு பையன்களும் தீவின் மேட்டில் ஏறியபோது கண்டெடுத்த வாழைகளும் சேப்பங்கிழங்கும் காட்டுக்கோழிகளும் அந்த ஊர்க்காரர்கள் விட்டுச் சென்றவற்றின் வாரிசுகள். பாலன்டைன் 'பவளத் தீவு' நாவலை வெளியிட்டு அப்போது ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது.